பைலோஜெனி என்பது கொடிவழி

வாழையில் வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் பற்றிய துண்டறிக்கை ஒன்றை மலைவாழை விவசாயிகளுக்காகத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். அதில் ‘வைரஸின் இனவரலாறு’ என்று ஒரு வரி. கீழ்ப்பழனி மலையின் பண்ணைக்காட்டில் காப்பிச் செடிகளுக்கு ஊடே விருப்பாச்சி என்னும் மலைவாழை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, “யாருடைய இனம் தம்பி? சாதிக் கணக்கு எடுக்கிறார்களா?” என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூலத்தில் இருந்த சொல் பைலோஜெனி. கிரேக்கத்தில் ‘பைலான்’ என்றால் குலம், குடி. ‘ஜெனி’ பிறப்பையும் தோற்றத்தையும் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டவைத்து 1866இல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு டார்வின் வெளியிட்ட நூலில் இருந்த ஒரே படம், கிளை பிரிந்துகொண்டே போகும் கோடுகள்தான். அந்தக் கோடுகள் சொல்லும் செய்திக்கு ஹெக்கல் பெயர் கொடுத்தார் எனலாம்: எந்த உயிர் எந்த முன்னோரிடமிருந்து, யாருக்குப் பின் யாராகப் பிரிந்து வந்தது என்பதே பைலோஜெனி.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குடிப்பிறப்பு’ என்று வரும். அப்படி ஒரு தமிழ்ச்சொல் ஏற்கெனவே இருப்பதுதான் சிக்கல். குறளில் குடிப்பிறந்தார் என்றால் நற்குடியில் பிறந்தவர். வைரஸுக்கு அந்த மரியாதை எதற்கு? பாடநூல்கள் இனவரலாறு, இனப்பரிணாமம் என்றெல்லாம் எழுதுகின்றன. விலங்கியல் வகுப்பறைக்குள் அவை பிழைத்துக்கொள்ளும். வெளியே வந்தால் ‘இனம்’ மனிதக் கூட்டத்தைத்தான் நினைவூட்டுகிறது. மேலும், ஒரே வைரஸின் இருபது மாதிரிகளை ஒப்பிடும்போது அங்கே இனம் ஒன்றே ஒன்றுதான். ‘வரலாறு’ என்பதும் சற்று மிகை. யாரும் பார்த்து எழுதிவைத்தது அல்ல அது. கணக்குப் போட்டு ஊகித்தது.

தமிழில் வம்சாவளிக்குக் ‘கொடிவழி’ என்று பெயர் உண்டு. ‘கால்வழி’யும் உண்டு, ஆனால் அது தந்தை, மகன், பேரன் என்று நேராக இறங்குவது போன்ற எண்ணத்தையே எனக்குத் தருகிறது. கொடி அப்படியல்ல. ஒரு கணுவில் இரண்டாகப் பிரியும், பிரிந்தது மறுபடியும் பிரியும், பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளாது. நமக்குத் தேவையான படம் அதுவே.

‘வாழையடி வாழை’ என்ற தொடர் இருக்கிறதே, வாழை நோய்க்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கேதான் வேறுபாடு. தாய்வாழையின் பக்கக்கன்று கிட்டத்தட்ட தாயின் அச்சு. தலைமுறை நீளுகிறது, கிளை பிரியவில்லை. அதே கன்றுக்குள் ஒளிந்து வரும் வைரஸோ தன்னை நகலெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்தைத் தவறவிடுகிறது. அந்தப் பிழைகள்தான் கொடிவழிக்கு ஆதாரம்.

முடிக்கொத்து கண்ட வாழையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்திக்குறி போட்டதுபோல் இருக்கும். புது இலைகள் குட்டையாக, ஒடுங்கி, விறைத்து, உச்சியில் கொத்தாகச் செருகிக்கொள்ளும். பெரும்பாலும் தார் போடாது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சித் தோட்டங்களை அழித்தது இந்த நோய்தான். இதைச் செய்யும் வைரஸின் மரபுப்பொருள் ஆறு சிறு வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள். செடிக்குச் செடி கொண்டுபோவது வாழை அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி. மலைக்கு மலை, கடலுக்குக் கடல் கொண்டுபோவது கன்று வாங்கும் நாம்.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களின் வேலையை நினைத்துக்கொண்டால் கணக்கு எளிதில் பிடிபடும். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் அந்தப் பிழையுள்ள ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று கருதலாம். மேல்தோட்டம், கீழ்த்தோட்டம், ஓடைக்கரை என மூன்று தோட்டத்து மாதிரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் 300ஆம் இடத்தில் ஓடைக்கரையில் ஏ. மற்ற இரண்டிலும் ஜி. வெளியூர் மாதிரிகளிலும் ஏ என்றே இருந்தால், ஜி பிற்பாடு வந்த பிழை. மேல்தோட்டமும் கீழ்த்தோட்டமும் ஒரு கணுவில் பிரிந்தவை, ஓடைக்கரை அதற்கு முன்பே விலகியது.

ஆனால் இரண்டு பேர் தனித்தனியே ஒரே பிழையைச் செய்யவும் கூடுமே. புள்ளியியல் உள்ளே வருவது இந்த இடத்தில். மூன்று மாதிரிகளை மூன்று விதமான கொடிகளாக வரையலாம். நான்கு என்றால் 15, ஐந்து என்றால் 105. பத்து மாதிரிகளுக்கு 3,44,59,425 கொடிகள்! கையால் ஆகாது. ‘இந்தக் கொடிதான் உண்மை என்றால், நம்மிடம் உள்ள எழுத்துகள் இப்படியே அமைய எவ்வளவு வாய்ப்பு?’ என்று கேட்டு, வாய்ப்பு மிகுந்த கொடியைத் தேட வேண்டும். இதைக் கணினி செய்து முடிக்கும்படியான வழியை அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1981இல் கொடுத்தார். எல்லாக் கொடிகளையும் கணினியும் சோதிப்பதில்லை. நல்லதாகத் தோன்றும் ஒன்றைப் பிடித்து, கிளைகளை மாற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டே போகிறது.

கிடைத்த கிளையை எவ்வளவு நம்பலாம்? அதற்கான சோதனையின் பெயர் பூட்ஸ்ட்ராப். செருப்பு வார் என்று பெயர்த்த ஒரு கட்டுரையைப் பார்த்து நொந்திருக்கிறேன். எழுத்து வரிசையின் இடங்களைக் குலுக்கலில் எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே நீளத்துக்குப் புது வரிசை செய்து, ஆயிரம் முறை கொடி வரைவது அது. 950 முறை அதே கிளை வந்தால் பக்கத்தில் 95 என்று எழுதுவார்கள். தமிழில் இதற்கு ‘மறுகூறெடுப்பு’ போதும்.

முடிக்கொத்து வைரஸுக்கு இப்படிப் போட்ட கணக்கு 1994இல் வெளியானது. பத்து நாட்டு மாதிரிகள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்தன. வியட்நாம், தைவான், பிலிப்பைன்ஸ் ஒரு கிளை. இந்தியாவோ ஆஸ்திரேலியா, ஃபிஜி, எகிப்து ஆகியவற்றோடு மற்றக் கிளையில் நின்றது. நம் பக்கத்தில் இந்த நோய் இலங்கையில் 1913இல் பதிவானது. கேரளத்துக்கு வந்தது 1940 வாக்கில்.

துறைக்குக் கொடிவழியியல், படத்துக்குக் கொடிவழிப்படம் என்று வைத்துக்கொண்டு, துண்டறிக்கையின் வரியை இப்படி மாற்றினேன்: ‘கொடிவழியில் நம் நாட்டு முடிக்கொத்து வைரஸும் ஃபிஜித் தீவின் வைரஸும் ஒரே கிளை.’ பெரியவரிடம் மறுபடியும் காட்டினேன்.

“அப்படியானால் நம் வாழைக்கு ஃபிஜியில் பங்காளி இருக்கிறானா?”

“வாழைக்கு இல்லை ஐயா, நோய்க்கு.”

“அதைத்தான் சொல்கிறேன்” என்றவர், அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வாங்க இருந்த கன்றுகள் எந்தத் தோட்டத்துக் கன்றுகள் என்று மகனைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்.