மரத்துக்குள்ள கல்லு எப்படிங்க வந்துச்சு?

‘ஆப்பிரிக்கன் தேக்கு’ன்னு விக்கிறாங்களே, அது நிஜமாவே தேக்கான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லைங்க. அந்தப் பேர்ல ரெண்டு மூணு மரம் விக்குது, அதுல முக்கியமானது இரோக்கோ. நம்ம பலா, ஆல், அரசு எல்லாம் இருக்கிற அதே குடும்பம், தேக்குக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து மொசாம்பிக் வரைக்கும் வளருது, 50 மீட்டர் வரை போகும். வைரம், அதாவது நடுக்கட்டை, அறுக்கும்போது மஞ்சளா இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு பிரவுன் ஆயிடும். கரையானும் பூஞ்சையும் லேசுல அண்டாது, அதனால படகு, தரை, வெளியில போடற பெஞ்சுன்னு எல்லாத்துக்கும் ஆகும். தூள் மட்டும் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, அறுக்கிறவங்க மாஸ்க் போட்டே ஆகணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. இந்த மரம் காத்தைக் கல்லாக்குது!

சேனைக்கிழங்கு நறுக்கினா கை அரிக்குதுல்ல, அதுல இருக்கிற ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகம்தான் காரணம். இரோக்கோவும் அதே உப்பைத்தான் தன் உடம்புல சேர்த்து வைக்குது. அதுல இருக்கிற கார்பன் இலை காத்துல இருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடு, கால்சியம் வேர் வழியா வந்தது. இலையும் குச்சியும் கீழ விழுந்து, கரையானும் பூஞ்சையும் அரிச்சு அந்தப் படிகத்தை வெளிய விட்டதும், மண்ணுல அதை மட்டுமே சாப்பாடா வச்சு வாழக்கூடிய பாக்டீரியாக்கள் வந்து தின்னுதுங்க. ஒரு ஆக்சலேட்ல ரெண்டு கார்பன், ஒண்ணு திரும்ப காத்துக்கே போயிடும், இன்னொண்ணு கால்சியத்தோட சேர்ந்து சுண்ணாம்புக்கல்லா நின்னுடும். அமிலமா இருந்த மண்ணு மரத்தடியில மட்டும் காரமா மாறிடுது! சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஐவரி கோஸ்ட்ல 2000க்கு அப்புறம் இதை விளக்கமா காட்டினாங்க. மரக்கட்டை மக்கினா கார்பன் வெளிய வந்துடும், இந்தச் சுண்ணாம்பு ஆயிரக்கணக்கான வருஷம் கூட மண்ணுல கிடக்கலாம். ஆனா அந்தக் கால்சியம் ஏற்கனவே இருந்த சுண்ணாம்புப் பாறையில இருந்து வந்திருந்தா காத்துல கார்பனைக் குறைச்ச கணக்குல நிகர லாபம் இல்ல, அதையும் சொல்லிடணும்.

நைஜீரியாவுல யொருபா மக்கள் இந்த மரத்துல ஒரு ஆவி இருக்குன்னு நம்பி, வெட்ட பயப்படுவாங்க. எனக்கு ஆவியில நம்பிக்கை இல்ல, ஆனா அந்தப் பயம் பல பெரிய மரங்களைக் காப்பாத்தியிருக்கும்னுதான் தோணுது. அப்படிக் காப்பாத்தறது முக்கியம், ஏன்னா இதைத் தோட்டம் போட்டு வளக்கிறது கஷ்டம், ஃபைட்டோலைமான்னு ஒரு குட்டிப் பூச்சி நாத்தோட குருத்துல முடிச்சு உண்டாக்கி சாகடிச்சிடும். கானாவுல அந்தப் பூச்சியைத் தாங்குற நாத்துகளைத் தேடியிருக்காங்க, பல வருஷம் பிடிக்கிற வேலை அது. மூணு வருஷத்துல ரிசல்ட் கேக்கிற நிதியை வச்சுக்கிட்டு மர ஆராய்ச்சி பண்ணவே முடியாதுங்க.

மண்ணுல மட்டும் இல்ல, இரோக்கோ கட்டைக்குள்ளயே கூட சுண்ணாம்பு சேர்ந்து கல்லாகிடும், சிலது முட்டை சைஸுக்கும் மேல இருக்கும். ரம்பம் பட்டா பல்லு போச்சு. கல்லைச் சுத்தி மரம் கொஞ்சம் கறுப்பா தெரியும், அறுக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்தைத்தான் முதல்ல பாக்கணும்.