பெட்டியைப் பிரிக்காத ஆட்டக்காரர்: பேஸ்பாலில் நாள் கணக்கும் இரண்டாம் தொழிலும்

1968 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி பந்து வீச்சாளர் சாட்சல் பெய்ஜை ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு வயது 62. பந்து வீசுவதற்காகக் கூப்பிடவில்லை. ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக் காலத்தில் அவருக்கு 158 நாள் குறைந்தது. ஆலோசகர், பயிற்சியாளர் என்று ஏதோ ஒரு பெயரில் அணியோடு வைத்திருந்து அந்த நாட்களை நிரப்பிக் கொடுத்தார்கள். கறுப்பினத்தவருக்கு உச்ச மட்டமான மேஜர் லீக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் அவர் வீசிய பந்துகள் எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை என்பது தனி அநியாயம்.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் சம்பளம், உரிமை, ஓய்வூதியம் எல்லாமே இப்படி நாள் கணக்கில்தான் ஓடுகின்றன. நட்சத்திரங்கள் அதை எண்ண வேண்டியதில்லை. ஜர்னிமேன் எண்ணியே ஆக வேண்டும்.

ஜர்னிமேன் என்றால் ஒரே அணியில் வேர் பிடிக்காமல் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர். திறமை இல்லாதவர் என்று பொருளில்லை. எட்வின் ஜாக்சன் 14 மேஜர் லீக் அணிகளுக்கு வீசியவர். 2010 ஜூன் 25 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக 149 பந்து வீசி, எட்டுப் பேரைத் தவறான பந்துகளால் முதல் பேஸுக்கு நடக்க விட்டும், எதிரணி அடித்து பேஸ் சேரும் ஹிட் ஒன்றுகூடக் கொடுக்காமல் முடித்தார். மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் அணியோடு மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் வென்றார். அப்படிப்பட்டவரும் பெட்டியை முழுதாகப் பிரித்ததில்லை.

சுற்ற வைப்பவை விதிகள். ஒவ்வொரு அணிக்கும் ஆடும் பட்டியல் 26 பேர், அதில் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) அதிகபட்சம் 13. அவர்களையும் சேர்த்த பெரிய பட்டியல் 40 பேர். 40இல் இருப்பவரை மூன்று வெவ்வேறு சீசன்களில் வெய்வர் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது) இல்லாமலே கீழ்மட்டமான மைனர் லீகுக்கு இறக்கலாம். இதற்குப் பெயர் ஆப்ஷன். ஒரே சீசனில் பலமுறை ஏற்றி இறக்கினாலும் செலவாவது ஒரு ஆப்ஷன்தான். 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி இறக்க முடியாது. இறக்கிய பிட்சர் 15 நாள் கீழே இருக்க வேண்டும். மேலே யாராவது காயம் பட்டால் முன்னதாகவே கூப்பிடலாம். மொத்தமாகக் கீழே இருந்தது 20 நாளுக்குக் குறைவானால் ஆப்ஷன் செலவாகாது, அந்த நாட்களும் மேஜர் லீக் சேவையிலேயே சேரும். 19ஆம் நாள் மேலே கூப்பிடுவதற்கும் 21ஆம் நாள் கூப்பிடுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

புல்பென்னிலிருந்து (மாற்று பிட்சர்கள் காத்திருந்து சூடேற்றும் இடம்) வந்து நீண்ட நேரம் வீசும் பிட்சருக்கு இதில் ஒரு கொடுமை உண்டு. தொடக்க பிட்சர் இரண்டாம் இன்னிங்ஸிலேயே அடி வாங்கி வெளியேறுகிறார். இவர் வந்து 60 பந்து வீசி அணியின் மானத்தைக் காப்பாற்றுகிறார். மறுநாள் காலை இவரைத்தான் கீழே அனுப்புவார்கள். அடுத்த சில நாட்களுக்கு இவரால் வீச முடியாது, அந்த இடத்தில் களைக்காத கை ஒன்று வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கூலி விமான டிக்கெட்.

ஆப்ஷன் தீர்ந்த பிறகு கதை மாறும். அணி அவரை 40இலிருந்து எடுக்க முடிவு செய்தால், ஏழு நாளுக்குள் வேறு அணிக்கு மாற்ற வேண்டும், அல்லது வெய்வரில் விட வேண்டும். மற்ற 29 அணிகளில் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் மைனர் லீகுக்கு நேரடி ஒதுக்கீடு. முன்பே ஒருமுறை இப்படி ஒதுக்கப்பட்டவரும், மூன்றாண்டு சேவை முடித்தவரும் இதை மறுத்து, எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யக்கூடிய சுதந்திர ஆட்டக்காரர் ஆகலாம். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஐந்தாண்டு சேவை முடியாதவர் மறுத்தால் அந்த ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள சம்பளம் போய்விடும். கோபத்தில் மறுத்துவிட்டு மறுவாரம் வேறொரு அணியோடு மைனர் லீக் சம்பளத்துக்குக் கையெழுத்து போடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எனக்கு இன்று எத்தனை ஆண்டு, எத்தனை நாள்?” என்பதே. 172 நாள் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டு.

இதைவிடப் பெரிய தவறு வலியை மறைப்பது. முழங்கையின் உள்பக்கம் குத்துகிறது, பந்தின் வேகம் மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறது, விரல் மரத்துப்போகிறது. சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்து, வலிநிவாரணி போட்டுக்கொண்டு வீசுகிறார். அடி வாங்குகிறார். கீழே அனுப்புகிறார்கள். அங்கே போய் எம்ஆர்ஐ எடுத்தால் தசைநார் கிழிந்திருக்கிறது. கணக்கு போடுங்கள். மேஜர் லீகின் 2026 குறைந்தபட்ச ஊதியம் 7,80,000 டாலர். சுமார் 187 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 4,100 டாலருக்கு மேல். மேலே இருக்கும்போதே காயம் பதிவாகியிருந்தால் காயப் பட்டியலில் இருந்தபடி இந்தச் சம்பளமும் சேவை நாளும் சேர்ந்துகொண்டே இருக்கும். காயத்தில் இருப்பவரைக் கீழே இறக்கவும் முடியாது. முழங்கை அறுவைக்குப் பிறகு திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகிறது. அத்தனை காலமும் எந்தப் பட்டியலில் படுத்திருக்கிறார் என்பதை, வலியைச் சொன்ன தேதிதான் தீர்மானிக்கிறது. 40 பேர் பட்டியலிலேயே இல்லாத மைனர் லீக் ஆட்டக்காரருக்கோ, 2023இல் வந்த முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் உயர்த்திக் கொடுத்த பிறகும், மைனர் லீகின் மேல்மட்டமான டிரிபிள்-ஏவில் குறைந்தபட்சம் அந்த ஆண்டில் 35,800 டாலர்தான்.

ஓய்வூதியத்துக்கு 1980 முதல் 43 நாள் போதும். மருத்துவக் காப்பீட்டுத் தகுதிக்கு ஒரே ஒரு நாள். அதற்கு முன்பு ஆடி, நான்காண்டு முடிக்காமல் போனவர்களுக்கு 2011 வரை எதுவுமில்லை. அந்த ஆண்டு ஒத்துக்கொண்ட உதவித்தொகையும் 43 நாளுக்கு 625 டாலர் வீதம் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000தான், அதுவும் ஆட்டக்காரர் இறந்தால் மனைவிக்குப் போகாது. ஆகவே 38, 40 நாளில் நிற்கும் ஒருவர், கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பெரிய தொகை வந்தாலும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி இரண்டாம் தொழிலான பயிற்சியாளர் பக்கம். பிட்சர்களான மாடக்ஸ் சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். 1986 செப்டம்பர் 29 அன்று இருவரும் புதுமுகங்களாக எதிரெதிரே வீசினார்கள். தம்பி கிரெக் வென்றார். கிரெக் 355 வெற்றிகளோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அண்ணன் மைக் 15 சீசன், 9 அணிகள், 39 வெற்றிகள். ஆனால் 2003இல் மில்வாக்கியில் தொடங்கி டெக்சஸ், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ், மறுபடி டெக்சஸ் என்று இருபதாண்டுக்கு மேல் பிட்சிங் கோச்சாகத் தேவைப்பட்டவர் மைக்தான். 2023இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் தன் முதல் உலகத் தொடரை வென்றபோது பிட்சர்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். (355 வெற்றி கண்டவருக்கு இந்த வேலைக்கு வரவேண்டிய பணத் தேவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஒன்பது அணிகளில் ஒரே திருத்தத்தை ஒன்பது விதமாகச் சொல்லிக் கேட்டவர், எது யாருக்குப் புரியும் என்று கண்டுகொள்கிறார். தொடக்க பிட்சராகவும் புல்பென்னிலும் இருந்தவருக்கு இரண்டு தினசரி ஒழுங்கும் உடம்பில் பதிந்திருக்கும். ஆனால் அது தானாகக் கைவராது. மைக் நேராக மேஜர் லீகுக்கு வரவில்லை. ரவுண்ட் ராக் என்ற டபுள்-ஏ (மைனர் லீகில் டிரிபிள்-ஏவுக்கு அடுத்த மட்டம்) அணியில் இளம் பிட்சர்களோடு பேருந்தில் போய்க் கற்றார்.

புதிதாக வரும் முன்னாள் ஆட்டக்காரர்கள் சறுக்கும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே. தனக்குச் சரிவந்த பிடியை எல்லோர் விரலிலும் திணிப்பது முதலாவது. விரல் நீளம் வேறு, மணிக்கட்டு வேறு. ஒருவர் கையில் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் இன்னொருவர் கையில் வெறும் மெதுவான பந்து. அடுத்தது சீசன் நடுவில் கை வரும் கோணத்தை மாற்றுவது. புதுக் கோணம் பழகுமுன் தோள் அதன் விலையைக் கேட்கும். அப்படிப்பட்ட மாற்றம் நவம்பர், டிசம்பர் வேலை. சீசனில் செய்யத் தகுந்தது, பிட்சர் ஊன்றி வீசும் ரப்பர் பலகையில் கால் வைக்கும் இடத்தை சில அங்குலம் நகர்த்துவது, எந்தப் பந்தை எத்தனை முறை வீசுவது என்பதை மாற்றுவது போன்றவை. பந்தை அளக்கும் டிராக்மேன் என்ற ரேடார் கருவி காட்டும் சுழற்சி எண்ணையும், பந்து விடும் உயரத்தையும், விடும் இடம் அடிப்பவர் முன்னுள்ள பிளேட்டுக்கு எவ்வளவு அருகில் என்பதையும் படிக்கத் தெரியாமல் இன்று யாரும் இந்த வேலைக்கு வர முடியாது. ஸ்பானிஷ் தெரியாமலும் கஷ்டம். மேஜர் லீக் ஆட்டக்காரர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

பிட்சர் நிற்கும் மேடான மவுண்டுக்குக் கோச் நடந்து போவது டிவியில் தெரியும் வேலை. ஒன்பது இன்னிங்ஸுக்கு 2024 முதல் நான்கு முறைதான் அனுமதி, ஒவ்வொன்றும் 30 விநாடி. அதே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் கோச் இரண்டாவது முறை போனால் அவரை மாற்றியே ஆக வேண்டும். இதற்குள் மூன்று விஷயம் சொல்லப் போனால் எதுவும் தங்காது. ஒன்று சொன்னால் போதும்: அடுத்த பந்து எது, எங்கே.

டிவியில் தெரியாதது புல்பென் கணக்கு. ஸ்கோர் அட்டையில் ஒரு பிட்சர் இரண்டு நாளாக வீசவில்லை என்றிருக்கும். ஆனால் இரண்டு இரவும் ஃபோன் அடித்து, எழுந்து தலா 25 பந்து சூடேற்றி, மறுபடி உட்கார்ந்திருப்பார். கைக்கு அது ஓய்வில்லை. நல்ல புல்பென் கோச்சின் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டை இருக்கும்: யார், எத்தனை முறை எழுந்தார், எத்தனை பந்து. மூன்றாம் நாள் மேலாளர் ஃபோனில் அந்தப் பெயரைக் கேட்டால், “இன்று அவர் இல்லை” என்று சொல்வதற்கு அந்த அட்டையும், சொந்தக் கை அறுத்துத் தைக்கப்பட்ட நினைவும் உதவும். பிரென்ட் ஸ்ட்ராம் அப்படியொருவர். 22 வெற்றி, 39 தோல்வியோடு மேஜர் லீக் ஆட்டம் முடிந்து, 1978இல் டாமி ஜான் அறுவை (கிழிந்த முழங்கைத் தசைநாரை மாற்றும் சிகிச்சை) செய்துகொண்ட இரண்டாவது பிட்சர். 2017இல் ஹூஸ்டன் உலகத் தொடரை வென்றபோது அந்த அணியின் பிட்சிங் கோச்.