நொதியடக்கி: சொல்லும் பொருளும்

அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் கோலினெஸ்டரேஸ் இன்ஹிபிட்டர், அதாவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் (என்சைமின்) வேலையைக் கட்டுப்படுத்தும் மருந்து, என்ற ஒரே தொகுப்பில் வைப்பர். இன்ஹிபிட்டர் என்பதற்குத் தமிழில் தடுப்பான், தடுப்பி, ஒடுக்கி, நிரோதி எனப் பல சொற்கள் புழங்குகின்றன. இவற்றுள் எதைப் படிக்கிறாரோ அதை வைத்தே மருந்தின் வேலையை வாசகர் கற்பனை செய்துகொள்வார் என்பதால், இத்தேர்வில் கவனம் வேண்டும்.

உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருளைக் குறிக்கும் என்சைம் என்ற சொல்லை 1870களில் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'புளிப்பூட்டும் நொதியத்தின் உள்ளே' என்பது அதன் பொருள். புளித்துப் பொங்குவதைக் குறிக்கும் நொதித்தல் என்ற வினையிலிருந்து நாம் நொதி என்று பெற்றுக்கொண்டதும் அதே வழியில்தான். இவ்வளவு இயல்பாக அமைந்த கலைச்சொற்கள் நம்மிடம் குறைவு.

இன்ஹிபிட்டர் என்பதன் வேர் இலத்தீன் மொழியின் இன்ஹிபேரே. உள்ளே பிடித்து வைத்தல், கட்டுக்குள் நிறுத்துதல் என்று பொருள்படும். தடுப்பான் என்பது வழியை முற்றாக மறித்துவிடுவதாகத் தோன்றச் செய்கிறது. ஒடுக்கி என்ற சொல்லோ ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான ஒடுக்க வினையை நிகழ்த்தும் பொருளுக்கு வேதியியலில் ஏற்கெனவே வழங்கிவிட்டது. அடக்குதல் என்ற வினை மட்டுமே, மூச்சை அடக்குதல் என்பதில் கட்டுப்படுத்துவதையும், பெட்டிக்குள் அடக்குதல் என்பதில் உள்ளே கொள்வதையும் ஒருசேரச் சுட்டி, இலத்தீன் வேரின் இரு பக்கங்களையும் தாங்குகிறது. ஆகவே நொதியடக்கி என்பதே என் தேர்வு.

பொருளளவிலும் இதுவே பொருந்தும். நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தியதும், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை அசிட்டேட், கோலின் என இரண்டாக உடைத்துவிடுகிறது. அல்சைமர் நோயில் இவ்வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துவருவதால், எஞ்சிய சிறிதளவாவது சற்று நேரம் நிலைக்கட்டும் என்று நொதியின் வேகத்தை மட்டுப்படுத்துகிறார்கள். கேலன்டமின், நொதி வினைபுரியும் இடமான கிளர்வு மையத்தில் அசிட்டைல்கோலினுடன் இடத்துக்குப் போட்டியிட்டு, பின்னர் விலகிக்கொள்கிறது. ரிவாஸ்டிக்மின் நொதியோடு வேதிப்பிணைப்பு கொண்டு, பல மணி நேரம் கழித்தே அதை விடுவிக்கிறது. இதே நொதியை மீளாதபடி முடக்கும் பொருளும் உண்டு: சாரின் என்ற நச்சு வாயு அவ்வாறு செய்தே மூச்சை நிறுத்திக் கொல்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் தடுப்பான் என்ற ஒரே பெயரைச் சூட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாரினை வேண்டுமானால் நொதிமுடக்கி எனலாம்.

அல்சைமர் நோய்க்கான நொதியடக்கிகளுள் முதலில் 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்ரின், கல்லீரலைப் பாதித்ததால் வழக்கொழிந்தது. பின்வந்தவை பாதுகாப்பானவை என்றாலும், அவற்றின் பயன் அறிகுறிகளை ஓரளவு தணிப்பதோடு நின்றுவிடுகிறது. நரம்பணுக்களின் அழிவு தொடர்கிறது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை உருவாக்கும் நொதிகளையே அடக்கிப் பார்த்த முயற்சிகளும் கைகொடுக்கவில்லை. அந்நொதிகளுள் ஒன்றான காமா செக்ரட்டேஸை அடக்கும் செமகாசெஸ்டாட் ஆய்வு 2010இல் கைவிடப்பட்டது. மருந்து பெற்றவர்களின் அறிவாற்றல் மேலும் குன்றியதே காரணம்.

இதனால்தான் மாற்று வழிகள் பேசப்படுகின்றன. ஆனால் மாற்று என்ற சொல்லும் இரு பொருள் தந்து குழப்புகிறது. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் மற்றொரு வேதிப்பொருளான குளூட்டமேட்டின் ஏற்பியில் செயல்படும் மெமன்டின், அமிலாய்டை அகற்றும் எதிர்ப்பொருளான லெகனெமாப் ஆகியவை நொதியை விட்டு வேறு இலக்கை நாடும் மருந்துகள். இவற்றை மாற்று இலக்கு மருந்துகள் எனலாம். மூலிகை சார்ந்த மாற்று மருத்துவம் வேறு. அவ்வகையில் பெரிதும் நம்பப்பட்ட ஜிங்கோ இலைச் சாறு மறதிநோயைத் தடுக்கவில்லை என்று, 3,069 முதியோரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

மருந்துக்கும் மூலிகைக்கும் இடையே கோடு கிழிப்பதும் எளிதன்று. கேலன்டமின் முதலில் பனித்துளிப்பூச் செடியின் கிழங்கிலிருந்தே பிரிக்கப்பட்டது. சீனாவில் வளரும் ஹூபெர்சியா என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஹூபெர்சின் ஏ, பல இடங்களில் உணவுத் துணைப்பொருளாக விற்கப்பட்டாலும், அதுவும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸை அடக்கும் நொதியடக்கியே. மூலிகைதானே என்று எண்ணி டோனெபெசிலுடன் சேர்த்து அதை விழுங்குபவர் ஒரே நொதியை இருமுறை அடக்குகிறார். குமட்டல், வயிற்றுப்போக்கு, இதயத்துடிப்பு குறைதல் ஆகியவை கூடக்கூடும் என்பதால், மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.