டி46-க்குப் பதில் டி64: மெடிக்கல் எய்டு பில்லில் இடம் மாறும் இரண்டு எண்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா ஒரு பில்லைப் படமெடுத்து அனுப்பினார். "மெடிக்கல் எய்டு பாதிதான் கட்டியிருக்கிறது, ஏன் என்று பார்." (மெடிக்கல் எய்டு என்றால் தென்னாப்பிரிக்காவில் சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பு நிதி.) தொகைக்குப் பக்கத்தில் டி64.9 என்ற நோய்க் குறியீடு இருந்தது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்து, இது இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கே டி46 அல்லவா இருக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டுக்குப் போகும் பில்லில் நோயின் ஐசிடி-10 குறியீடு, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குள்ள எண், கட்டாயம். டாக்டர், லேப், மருந்துக்கடை, ஏற்றிய ரத்தம் எல்லாவற்றுக்கும் அதே விதி. (ரத்தம் கொடுப்பவர் காசு வாங்குவதில்லை, சோதித்துப் பதப்படுத்தும் செலவுக்குத்தான் பில்.) இந்தப் பட்டியலில் ரத்த நோய்கள் டி50-இல்தான் தொடங்குகின்றன. டி64.9 என்றால் 'வகை சொல்லப்படாத ரத்தசோகை', அவ்வளவே. டி46 இருப்பது அதற்கு முந்தைய அத்தியாயத்தில், புற்றுநோய்களும் கட்டிகளும் வருகிற இடத்தில். மஜ்ஜையே அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்கள் அங்கேதான் உள்ளன. சிகிச்சைக்கு மசியாத ரத்தசோகையில் டி46.0 வளைய சிடெரோபிளாஸ்ட் (உட்கருவைச் சுற்றி இரும்பு வளையமாகப் படிந்த இளம் சிவப்பணு) இல்லாதது, டி46.1 இருப்பது, டி46.2 முதிராத அணுக்கள் மிகுந்தது, டி46.4 வகை குறிப்பிடாதது. குழப்பத்துக்கென்றே, டி64.0 முதல் டி64.3 வரை வேறு சிடெரோபிளாஸ்ட் ரத்தசோகைகளும் உண்டு.

முதலில் டி64.9 போட்டது தவறில்லை. சந்தேகத்தை உறுதியான நோயாக எழுதக்கூடாது. ரிப்போர்ட் வந்த பிறகும் பழைய எண்ணே தொடர்ந்ததுதான் கோளாறு.

மெடிக்கல் எய்டுக்குச் சட்டத்தில் மெடிக்கல் ஸ்கீம் என்று பெயர். 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, பி.எம்.பி. எனப்படும் குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும் நோய்க்கு, கண்டறிதலும் சிகிச்சையும் முழுதாகக் கட்டப்பட வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக்கூடாது. நீங்கள் எந்தப் பிளானில் இருந்தாலும் இதேதான். ஆனால் ஸ்கீம் குறித்த மருத்துவமனையை விட்டு நீங்களாக வேறிடம் போனால் கைக்காசு போகலாம். டி46 போட்டதும் பணம் கொட்டும் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சிகிச்சை பி.எம்.பி.யில் சேரும் என்று ஸ்கீமிடம் எழுத்தில் கேளுங்கள். டி64.9 இருக்கும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

குறியீட்டை நீங்களே அடித்துத் திருத்தாதீர்கள். டாக்டரின் ரிசப்ஷனில் சொல்லி மாற்றி வாங்குங்கள். சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின் நான்காவது மாதக் கடைசிக்குள் பில் போய்ச் சேர வேண்டும்: மார்ச் மாத பில் என்றால் ஜூலை 31. பில்லில் பிழை என்றால் ஸ்கீம் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். திருத்தி அனுப்ப உங்களுக்கு 60 நாள் உண்டு. அப்போதும் மறுத்தால், ஸ்கீம்களைக் கண்காணிக்கும் அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

பெரியம்மாவின் டாக்டர் பில் இப்போது டி46.1 என்று திருந்திவிட்டது. லேப் பில்லில் மட்டும் இன்னும் டி64.9, பழைய படிவத்தைப் பார்த்தே அடிக்கிறார்களாம். திங்கட்கிழமை அவர்களுக்கு ஒரு போன் போட வேண்டும்.