மசக்கை: கடுகு வெடிக்கும் வாசனையும் மூளையின் ஒரு மூலையும்

காலை ஏழு மணிக்கு எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்; பெருங்காயம் விழும், கறிவேப்பிலை பொரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாசனையில்தான் கண்விழிப்பார்கள். என் தங்கை உண்டாகி ஏழாவது வாரம் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, அதே வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். ரசம் ஆகவில்லை, சோறு கொதிக்கும் ஆவி ஆகவில்லை, கணவரின் சட்டையில் இருந்த சோப்பு மணம்கூட ஆகவில்லை. “நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா? மனத்தைக் கொஞ்சம் திடமாக வைத்துக்கொள்” என்றார் பாட்டி. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் குமட்டலைவிட அந்தச் சொல்தான் தங்கையை அதிகம் வாட்டியது.

மசக்கை மனத்திடம் பற்றிய விஷயமே இல்லை. அது இரத்தத்தில் ஓடும் ஒரு ஹார்மோனும், மூளையின் பின்பகுதியில் அதற்காகவே காத்திருக்கும் ஒரு சிறு இடமும் சேர்ந்து நடத்தும் வேலை. இது தெளிவானது மிக அண்மையில்தான்.

ஆங்கிலேயர் இதற்குக் ‘காலை நோய்’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் குமட்டல் காலை, மாலை, நள்ளிரவு என்று பொழுது பார்ப்பதில்லை. தமிழின் மசக்கை என்ற சொல்லில் அந்தப் பிழை இல்லை. அதற்கும் முந்தைய சொல் வயா. புறநானூற்றின் 20ஆம் பாட்டு, வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பதல்லாமல் பகைவரால் உண்ண முடியாத மண்ணை உடையவன் என்று ஒரு சேர மன்னனைப் புகழ்கிறது. கர்ப்பிணிகள் மண்ணைத் தேடித் தின்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். மண், சாம்பல், பச்சரிசி மீது வரும் இந்த ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே காணப்படுகிறது. அப்படி ஆசை வந்தால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குமட்டலுக்கு வருவோம். கர்ப்பிணிகளில் பத்தில் ஏழு பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. ஐந்து, ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்குப் பதினாறாவது வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மார்லினா ஃபெய்சோ என்ற அமெரிக்க மரபணு ஆய்வாளர். 1999இல் அவருக்கே மிகக் கடுமையான மசக்கை வந்தது. எழுந்து நடக்க முடியவில்லை, எதுவும் உள்ளே தங்கவில்லை; அந்தக் கருவை அவர் இழந்தார். அவருடைய துன்பத்தை மிகைப்படுத்தல் என்று மருத்துவரே கருதினார். அதன்பிறகு இந்த நோய்க்கான மரபணுவைத் தேடுவதையே அவர் தன் வேலையாக்கிக்கொண்டார். 2018இல், பாதிக்கப்பட்ட பெண்களின் மரபணுக்களையும் மற்றவர்களுடையவற்றையும் ஒப்பிட்டபோது ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனுக்கான மரபணு தனித்துத் தெரிந்தது.

இந்த ஹார்மோன் கர்ப்பத்துக்கு மட்டும் உரியதல்ல. உடலில் எங்காவது உயிரணுக்கள் பாதிக்கப்பட்டால் இது சுரக்கும். ஆண்களின் இரத்தத்திலும் சிறிதளவு உண்டு. கர்ப்பத்தில் மட்டும் நஞ்சுக்கொடி இதை வாரி இறைக்கிறது. தாயின் இரத்தத்தில் கலந்து இது போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பகுதியான முகுளம். மூளையின் பெரும்பகுதியைச் சுற்றி, இரத்தத்தில் உள்ள கண்ட பொருள்களும் உள்ளே நுழையாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. ஏரியா போஸ்ட்ரெமா என்ற சிறு பகுதியில் அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கிறது. இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சுவைத்துப் பார்த்து, கலந்திருந்தால் வாந்தியைத் தூண்டுவது அதன் பணி. ஜி.டி.எஃப்.15ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இந்தப் பகுதியிலும் இதை ஒட்டிய நரம்புக் கூட்டத்திலும்தான் இருக்கின்றன என்று 2017இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. கெட்டுப்போன உணவைத் தின்றவரின் மூளை எந்த மணியை அடிக்குமோ, ஏறக்குறைய அதே மணிதான் இங்கும் அடிக்கிறது. அதை மன உறுதியால் நிறுத்தச் சொல்வது, விஷம் குடித்தவரிடம் வாந்தி எடுக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

சரி, ஒருத்தி ஒன்பது மாதமும் மீன்குழம்பு சாப்பிடுகிறாள், இன்னொருத்திக்குத் தண்ணீரே தங்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு? 2023 டிசம்பரில் ஃபெய்சோவும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ’ராஹிலியும் பல நாட்டு ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. இலங்கை மருத்துவ ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றிருந்தார்கள். முக்கியமானது கர்ப்பத்தில் எவ்வளவு சுரக்கிறது என்பது மட்டுமல்ல. கர்ப்பத்துக்கு முன் அந்தப் பெண்ணின் உடல் அதற்கு எவ்வளவு பழகியிருந்தது என்பதும்தான். மிளகாயைப் போலத்தான் இது. சிறுவயது முதல் காரம் தின்று பழகியவருக்குக் குண்டூர் மிளகாய்த் தொக்கு பெரிதாகத் தெரியாது. பத்தியச் சாப்பாட்டில் வளர்ந்தவருக்கு அரைக் கரண்டியிலேயே கண்ணில் நீர் வழியும். பிறவியிலேயே இந்த ஹார்மோன் குறைவாக உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தில் அது திடீரென உயரும்போது மூளை அதிர்ந்துபோகிறது. மறுபக்கம், தாலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோயுள்ள பெண்களுக்கு இது வாழ்நாள் முழுவதும் மிகுதியாகவே இருக்கும். அவர்கள் கருவுற்றால் மசக்கை மிக அரிதாகவே வருகிறது.

தாயின் இரத்தத்தில் உயரும் இந்த ஹார்மோனில் பெரும்பகுதி குழந்தையின் பக்கத்திலிருந்து வருகிறது. நஞ்சுக்கொடி உருவாவது குழந்தையின் மரபணுக்களின்படி. அவற்றில் பாதி தந்தையுடையவை. ஆகவே மசக்கையின் கணக்கில் மாப்பிள்ளைக்கும் பங்கு உண்டு. “மூத்தவன் வயிற்றில் இருந்தபோது இப்படி இல்லையே” என்று வியப்பதற்கும் இடமில்லை. ஒவ்வொரு கருவும் வேறு.

இயற்கை ஏன் இப்படி வைத்தது? குமட்டல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. கிருமியும் நஞ்சும் உள்ள உணவிலிருந்து தாயை விலக்கி வைக்கவே இந்த ஏற்பாடு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குமட்டல் உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு சற்றுக் குறைவு என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதற்காக மசக்கை இல்லாதவர்கள் அஞ்ச வேண்டாம்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பெற்றெடுக்கிறார்கள்.

இனி அடுப்படி. 1955இல் ஜான் கார்சியா என்ற உளவியலாளர் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார். ஒரு சுவையோடு குமட்டல் ஒருமுறை சேர்ந்துவிட்டால் போதும்; பிறகு அந்தச் சுவையையே எலி வெறுத்து ஒதுக்கும். மனித மூளையும் அப்படித்தான். அதனால் குமட்டும் நேரத்தில் “உனக்குப் பிடித்ததாயிற்றே” என்று வற்புறுத்தி ஊட்டுவது, பிடித்த உணவையும் எதிரியாக்கிவிடும். சூடான உணவிலிருந்து மணம் அதிகம் எழும். ஆறிய உணவில் குறைவு. தயிர்சாதமும் இட்லியும் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும் என்பதால், எழுந்தவுடன் படுக்கையிலேயே இரண்டு ரஸ்க், பிறகு இரண்டு மணிக்கொரு முறை சிறிது சிறிதாக. இஞ்சி சிலருக்கு உதவுகிறது. எங்கள் வீட்டில் தாளிப்பைக் கொல்லைப்புறத்து மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாற்றினோம். என் தங்கைக்கு எந்த அறிவுரையையும்விட அதுதான் பயன்பட்டது.

மருந்து என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரை மசக்கைக்கும் தரப்பட்டது. 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் கைகால் குறைபாட்டோடு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். ஆனால் இன்று மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் டாக்சிலமின், வைட்டமின் பி6 கூட்டு மாத்திரை பல பத்தாண்டுகள் சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது. மருத்துவர் தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மசக்கை நோயாகவே முற்றுகிறது. தண்ணீரும் தங்காமல் போவது, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாவது, எழுந்தால் தலைசுற்றுவது, எடை மளமளவென்று இறங்குவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இன்னொன்றையும் கேளுங்கள். வைட்டமின் பி1இன் இருப்பு உடலில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பல நாள் வாந்தியில் அது தீர்ந்துபோன ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். “பி1 ஊசி போட்டாயிற்றா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

இவற்றையெல்லாம் ஒரு மாலை பாட்டியிடம் சொன்னேன். ஹார்மோன் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. விஷத்துக்கு அடிக்கும் அதே மணி என்பது பிடிபட்டது. வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். “உன் பெரியப்பா வயிற்றில் இருந்தபோது எனக்கும் மூன்று மாதம் எதுவும் தங்கவில்லை” என்றார். “மாட்டுத்தொழுவத்தில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உலை வைப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.”