காரைக் கழித்தால் மிச்சம் என்ன?

"ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் அலைன் புரோஸ்ட் ஜெயித்தது 51 பந்தயம், மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தது 91. கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, யார் பெரியவர் என்று ஏன் இன்னும் சண்டை?" ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் விகிதம். புரோஸ்ட் 199 பந்தயங்களில் 51, அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 26. ஷூமாக்கர் 306இல் 91, கிட்டத்தட்ட 30. ஆனால் 1950களில் ஓட்டிய ஃபாங்கியோ 51 பந்தயங்களிலேயே 24 ஜெயித்தவர், நூற்றுக்கு 47. சண்டை தீரவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார்.

புள்ளிகளை எண்ணலாமா? அது இன்னும் வம்பு. 1988இல் புரோஸ்ட்டும் அயர்டன் சென்னாவும் ஒரே மெக்லாரன் அணி. புரோஸ்ட்டுக்கு 7 வெற்றி, 7 இரண்டாமிடம். அன்று வெற்றிக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6 என்பதால் மொத்தம் 105. சென்னாவுக்கு 94தான். ஆனால் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டுமே கணக்கில் வரும் என்பது விதி. புரோஸ்ட்டின் மூன்று இரண்டாமிடங்கள் குப்பைக்குப் போய் 87 ஆனது. சென்னாவுக்கு 90, பட்டம் அவருக்கு. அதே முடிவுகளை, வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18 என்று போகும் இன்றைய முறையில் நானே கூட்டிப் பார்த்தேன்: புரோஸ்ட் 301, சென்னா 275.

ஆக, வெற்றியில் கார் கலந்திருக்கிறது, புள்ளியில் விதி கலந்திருக்கிறது. ஓட்டுநரை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஓர் ஓட்டுநரின் வேகம் என்பது அவர் திறமையும் காரின் திறமையும் சேர்ந்த கூட்டுத்தொகை என்று வையுங்கள். இரண்டு தெரியாத எண்கள், ஒரே சமன்பாடு, தீர்க்க முடியாது. ஆனால் ஃபார்முலா ஒன்னில் ஓர் அணிக்கு இரண்டு பேர். சக ஓட்டுநருக்கும் அதே கார், அதே மழை, அதே பாதை. ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றதைக் கழித்தால் கார் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இருவருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்!

இதைச் சங்கிலியாகக் கோக்கலாம் என்பதில்தான் அழகே இருக்கிறது. 1993இல் ஓய்வுபெற்ற புரோஸ்ட்டும் 2007இல் வந்த லூயிஸ் ஹாமில்டனும் மோதியதே இல்லை. ஆனால் 1993இல் வில்லியம்ஸ் அணியில் புரோஸ்ட்டின் சகா டேமன் ஹில். ஹில்லுக்கு 1998இல் ஜோர்டன் அணியில் ரால்ஃப் ஷூமாக்கர். ரால்ஃபுக்கு 2000இல் வில்லியம்ஸில் ஜென்சன் பட்டன். பட்டனுக்கு 2010இல் மெக்லாரனில் ஹாமில்டன். நாலே கண்ணிகள்! நாலு வித்தியாசங்களையும் கூட்டினால் இரு காலத்தையும் ஒரே தராசில் வைத்துவிடலாம்.

வைத்துவிடலாமா? கண்ணிக்குக் கண்ணி பிழை சேரும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பிழை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது என்றால், நாலு கண்ணியில் பிழை இரட்டிப்பாகும் (நான்கின் வர்க்கமூலம்). அதைவிடப் பெரிய சிக்கல், கண்ணியே உருமாறுவது. 2000இல் பட்டன் இருபது வயதுப் புதுமுகம். 2010இல் முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.

அதனால் ஒரு சங்கிலியை மட்டும் நம்பாமல், எல்லா ஓட்டுநர்களையும் எல்லா அணிகளையும் வலையாகப் போட்டு, எல்லாச் சமன்பாடுகளுக்கும் முடிந்தவரை பொருந்தும் விடையைத் தேடுகிறார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையிலான பந்தயங்களை வைத்து இந்த வகை வேலையை 2016இல் வெளியிட்டார்கள். முதலிடம் ஃபாங்கியோவுக்கு, புரோஸ்ட்டும் முன்வரிசையில். ஓட்டுநரைவிட அணியின் பங்குதான் மிகப் பெரியது என்பதும் அதில் தெரிந்தது. "கார் பந்தயத்துக்கெல்லாம் ஆராய்ச்சியா, யார் வீட்டுப் பணம்?" என்று முகம் சுளிப்பவர்களை எனக்குத் தெரியும். மாணவர் நல்ல மதிப்பெண் வாங்கியது பள்ளியாலா, சொந்தத் திறமையாலா என்று பிரிப்பதற்கும் இதே வகைக் கணிதம்தான். இதற்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

புரோஸ்ட்டின் பதிவேடு இந்தக் கணக்குக்குக் கிடைத்த வரம். அவருடைய சக ஓட்டுநர்களில் ஐந்து பேர் உலக சாம்பியன் பட்டம் பார்த்தவர்கள்: லாவ்டா, கேகே ராஸ்பெர்க், சென்னா, மான்செல், ஹில். அப்படியும் 1988 மட்டும் இடிக்கிறது. பந்தயத்துக்கு முன், ஒற்றைச் சுற்று வேகத்தை வைத்துத் தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் முதலிடம் சென்னாவுக்கு 13 முறை, புரோஸ்ட்டுக்கு 2 முறை. ஒற்றைச் சுற்று வேகத்தைக் கழித்துப் பார்த்தால் சென்னா எங்கோ இருக்கிறார். பந்தய முடிவுகளைக் கழித்தால் அதே ஆண்டு, அதே காரில், புரோஸ்ட் 11 புள்ளி மேலே. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்காகவே காரைத் தயார்செய்கிறவர் என்று புரோஸ்ட்டுக்குப் பெயர் உண்டு. 'பேராசிரியர்' என்ற பட்டப்பெயரும் சும்மா வரவில்லை. வாசகர் எந்த நாளைக் கேட்கிறார், தகுதிச் சுற்றுச் சனிக்கிழமையையா, பந்தய ஞாயிற்றுக்கிழமையையா?