பட்டறைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்

போன மாதம் ராயக்கோட்டை ரோடு பக்கமிருந்து ஒருவர் சிபியுவைத் துண்டில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, பேரப்பிள்ளைகளுக்கு மரப்பொம்மை, தெரிந்தவர்களுக்குச் சாமி மாடம் என்று பொழுதுபோக்காகச் செய்கிறார். "தம்பி, ஆன் ஆவுது. அஞ்சு நிமிஷத்துல தானா அணைஞ்சிடுது. மதர்போர்டு போச்சுன்னு சொல்றாங்க" என்றார்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசஸருக்கு மேலே இருக்கும் ஃபேனுக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவில் மரத்தூள் அடை மாதிரி படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஒரே வில்லையாகக் கையில் வந்தது. மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை. சூடு வெளியே போக வழியில்லாமல், கருகிவிடக் கூடாதென்று மெஷின் தானாகவே அணைந்துகொண்டிருந்தது. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் புது தெர்மல் பேஸ்ட் தடவியதும் சாயங்காலம் வரை ஓடியது.

கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் இப்போது இப்படிப் பட்டறை கம்ப்யூட்டர்கள் அடிக்கடி வருகின்றன. பட்டறைக்கென்று புதிதாக வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கிற பழையதே போதும். ஆனால் ஹாலில் வைத்த மாதிரியே ஷெட்டிலும் வைக்கிறார்கள், அதில்தான் கெடுகிறது.

மரத்தூள் மூச்சை அடைக்கும், அவ்வளவுதான். இரும்புத்தூள் மோசம், அது கரண்டைக் கடத்தும். இரும்பு தேய்க்கிற கிரைண்டரில் பறக்கிற தூள் போர்டின் மேல் சிப்பின் இரண்டு காலுக்கு நடுவில் உட்கார்ந்தால், அன்றைக்கு அந்த போர்டுக்குக் கடைசி நாளாகக்கூட இருக்கலாம். அதனால் சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். தூள் எல்லாம் கடைசியில் தரைக்குத்தான் வரும். நெஞ்சு உயரத்தில், பொறி பறக்கிற திசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை அடித்து வையுங்கள். வேலை மேசை மேலேயே வைப்பதும் வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400, 7200 சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் சுத்தியல் அடித்தால் அது தாங்காது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை, பழைய மெஷினும் வேகம் பிடிக்கும்.

மாதம் ஒருமுறை ப்ளோயரால் ஊதுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாசலுக்கு எடுத்துப் போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

அப்புறம், ஷாக். "கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, பரவாயில்லையா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டரிலிருந்து துளி கரண்ட் பாடிக்குக் கசிவது வழக்கம்தான், அதை எர்த் வாங்கிக்கொள்ளும். சுர்ரென்கிறது என்றால் அந்தப் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரின் அந்தக் கசிவு பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தானே இரும்பு பாடி டிரில்லிங் மெஷினையும் சொருகுகிறீர்கள்? அதன் மோட்டார் காயிலில் இன்சுலேஷன் விட்டுப்போனால் வருவது துளி கரண்ட் இல்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவரை யோசித்துப் பாருங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டுக்கு எர்த் போட்டு, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். மூணு பின்னில் எர்த்துக்கான பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களிடம் நான் கோபமாகவே பேசிவிடுவேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அதைப் பட்டறையில் வைத்து என்ன பண்ணுவது?

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்று வாங்கினேன். அகலம் 1220 மில்லிமீட்டர். நாலு பலகை, ஒவ்வொன்றும் 305. நாலு முந்நூற்றைந்து ஆயிரத்து இருநூற்று இருபது, கணக்கு சரி என்று அறுத்தேன். கடைசிப் பலகை 296தான் வந்தது. ரம்பத்தின் பல் ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மில்லி தின்கிறது. மூன்று அறுப்பில் 9 மில்லி தூளாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எதை அறுப்பதானாலும் முதலில் எக்செல்லில் ஒரு பட்டியல். துண்டின் பெயர், நீளம், அகலம், எத்தனை, அதற்குப் பக்கத்தில் ரம்பம் தின்கிற கணக்கு. பத்து நிமிட வேலை. ஸ்கிரீனில் தப்பாக அறுத்தால் காசு போகாது.

படம் வரைய லிப்ரேகேட், ஃப்ரீகேட் என்ற இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸிலும் ஓடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டதால், பழைய மெஷினில் நான் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன். பட்டறை வேலைக்கு அது தாராளம்.

வரைந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து மரத்தின் மேல் ஒட்டி அறுப்பது இன்னொரு சுகம். அதிலும் ஒரு முறை ஏமாந்தேன். பம்பர வடிவம் ஒன்று, ஒட்டி, அறுத்து, தேய்த்து முடித்த பிறகு ஆணித் துளை பொருந்தவில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தால் 100 இருக்க வேண்டிய இடத்தில் 97. பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்திருக்கிறது. பேப்பர் ஓரத்துக்கு இடம் விட பிரிண்டர் தானாகச் சுருக்கிவிட்டது. இப்போது எந்தப் படமானாலும் ஓரத்தில் 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். பேப்பர் வந்ததும் முதலில் அந்தக் கோட்டின் மேல் ஸ்கேல். 'ஆக்சுவல் சைஸ்' போட்டிருந்தாலும் ஸ்கேல் வைக்காமல் விடுவதில்லை.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாக வெட்டும் சின்ன சி.என்.சி., லேசர் மெஷின் வாங்கியவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்லீப் மோடை நிறுத்துங்கள், பாதி வெட்டில் கம்ப்யூட்டர் தூங்கினால் மரம் வீண். பி.வி.சி. ஷீட்டையோ ரெக்சினையோ லேசரில் போடவே போடாதீர்கள். வருகிற ஆசிட் புகை நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். லேசர் ஓடும்போது காபி குடிக்க உள்ளே போவதும் வேண்டாம்.

ரிட்டயர் ஆன அந்த சார் போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சிபியுவுக்கென்றே தேக்கில் ஒரு பெட்டி. முன்னால் மெல்லிய வேட்டித் துணி ஒட்டிய சட்டம், பித்தளைக் கீல், மூலைகள் கத்தி மாதிரி. எனக்கே பொறாமையாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போன் போட்டேன்.

"சார், சூப்பரா இருக்கு. பின்னாடி காத்து வெளிய போக ஓட்டை எங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இரு தம்பி, ஹோல் சா எடுத்துட்டு வரேன்" என்றார்.